துரோபதையின் கையெழுத்து

என்னிடம் துரியோதனனின் கைநாட்டு இருந்தது. துச்சாதனன் இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தான். எட்டாவது வரை படித்த கர்வம் அதில் நன்றாகவே தெரியும். பீமன் பேனாவை அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்துபோயிற்று. கிருஷ்ணர் மட்டும், "ஒரு கட்டு பீடி வாங்கினு வா, போடறேன்" என்று என்னைப் பெட்டிக்கடைக்கு அனுப்பினார். பகவானே கேட்கும்போது மாட்டேன் என்று சொல்ல முடியுமா? வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். எங்கப்பா பேரில் கணக்கு எழுதச் சொல்லிவிட்டேன். அதற்கு வீட்டில் கிடைத்தது தனி.

அப்போது எனக்கு ஒன்பது வயது. தொண்ணூற்றொன்று, சித்திரை மாசம். ஒரகடத்துப் பக்கம் இன்றைக்கு நிற்கிற கம்பெனிகளில் ஒன்றுகூட அன்றைக்குக் கிடையாது. வடக்குப்பட்டைத் தாண்டினால் எங்கள் ஊர். ஊர்க்கோடியில் துரோபதையம்மன் கோயில். வருஷா வருஷம் சித்திரையில் அங்கே பாரதக் கூத்து நடக்கும். சாயங்காலம் கோயிலை ஒட்டின கீற்றுக் கொட்டகையில் வேஷம் கட்டுவார்கள். ராத்திரி முழுக்க ஆடுவார்கள். விடிந்ததும் பம்பு செட்டுக்கு வந்து முகத்தில் தேங்காயெண்ணெயைத் தேய்த்து அரிதாரத்தைத் துடைப்பார்கள். நான் சாயங்காலம் கொட்டகை ஓரமாகக் குந்திக்கொண்டு வேஷக்காரர்களை வரைவேன். காலையில் பம்பு செட்டுக்குப் போய்க் கையெழுத்து வாங்குவேன். பழைய மாசக் காலண்டரின் பின்பக்கம்தான் தாள். அந்த வழவழப்பில் பென்சில் சும்மா வழுக்கிக்கொண்டு ஓடும்.

இந்தப் பைத்தியம் எனக்குத் தானாகப் பிடிக்கவில்லை. பெரியப்பா மகள் பிடிக்க வைத்தாள். அவள் மெட்ராஸில் அவளுடைய மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். லீவுக்கு வரும்போது ஒரு குட்டி ஆட்டோகிராப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். அதில் சினிமா நடிகர்கள் ரெண்டு பேரும், டிவியில் செய்தி வாசிக்கிறவர் ஒருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். "தொடாத, கை கழுவினு வா" என்றாள். கழுவிக்கொண்டு போனேன், அப்பவும் தொடவிடவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. வெறும் கையெழுத்து யார் வேண்டுமானாலும் வாங்கலாம், நான் ஆளையே வரைந்து அதன் கீழே கையெழுத்து வாங்குகிறேன் பார் என்று கிளம்பினேன். அவள் சிரித்தாள். "கூத்தாடிங்க கிட்ட எவளாச்சும் ஆட்டோகிராப் வாங்குவாளாடி?" என்றாள். அந்தச் சிரிப்புக்காகவே ஒருத்தரையும் விடாமல் வாங்கிவிடுவது என்று இருந்தேன்.

விடாப்பிடியாக நின்றது துரோபதை ஒருத்திதான்.

துரோபதை என்றால் துரோபதை வேஷக்காரர். கூத்தில் பொம்பளை வேஷமும் ஆம்பளைகள்தானே கட்டுவார்கள். ஒல்லியான மனுஷன், ஏரிக்கு அந்தப் பக்கம் ஊர். முழு வேஷத்தோடு அவர் கொட்டகையிலிருந்து வெளியே வந்தால் பொம்பளைகள் எழுந்து கும்பிடுவார்கள். நான் வரைந்த படத்தை ஒரு காலையில் கொண்டுபோய் நீட்டினேன். துகிலுரிப்புக்குப் பிறகு தலைவிரிகோலமாக நிற்கிற துரோபதை. அவர் எண்ணெய்க் கையைத் தாளில் படாமல் பின்னால் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"நல்லாத்தான் வரைஞ்சிக்கீற. ஆனா இதுல நான் போடமாட்டேன் பாப்பா."

"ஏன்?"

"தலைய விரிச்சிப் போட்டுக்கினு கீறாளே. இந்தக் கோலத்துல எவனாச்சும் கையெழுத்துப் போடுவானா? படுகளத்தன்னிக்கி வரை. பூ வெச்சிக்கினு குந்தியிருப்பா, அப்ப வரை. அன்னிக்கிப் போடறேன்."

படுகளம் என்பது பாரதத்தின் கடைசி நாள். களிமண்ணால் பூதாகாரமாக ஒரு துரியோதனனைச் செய்து மைதானத்தில் மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். பட்டப்பகலில், ஊரே கூடி நிற்க, பீமன் அந்தக் களிமண் தொடையில் கதையால் அடிப்பான். துரியோதனன் செத்தால்தான் கூந்தலை முடிப்பேன், பூ வைப்பேன் என்பது துரோபதையின் சபதம். அதனால் அவன் விழுந்த கையோடு கொண்டை போட்டு, பொம்பளைகள் மடியில் கட்டிக்கொண்டு வந்த மல்லியையும் கனகாம்பரத்தையும் சரம் சரமாகச் சுற்றுவார்கள். அப்புறம் துரோபதையை நாற்காலியில் உட்கார வைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். குழந்தைகளை மடியில் போட்டு எடுப்பார்கள்.

நான் வேப்பமரத்து வேர்மேல் உட்கார்ந்து வரைந்தேன். வெயில் பிளந்தது. கும்பிட வருகிறவர்கள் குறுக்கே குறுக்கே வந்து மறைத்தார்கள். "தள்ளுங்களேன், தெரியமாட்டேங்குது" என்று நான் கத்த, ஒரு கிழவர் நிஜமாகவே பயந்துபோய் ஒதுங்கினார். மூக்குத்தி, நெற்றியில் பெரிய பொட்டு, காது ஓலை எல்லாம் சீக்கிரம் வந்துவிட்டன. பூதான் உயிரை எடுத்தது. ஒவ்வொரு மொட்டாக வரைந்தேன். பென்சிலைக் கல்லில் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கி வரைந்தேன். விரல் நுனி கன்றிப்போயிற்று.

வரைந்து முடித்துப் பம்பு செட்டுக்கு ஓடினால், அவர் ஏற்கெனவே வேஷத்தைக் கலைத்துவிட்டிருந்தார். கோவணத்தோடு தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்து, களைத்துப்போய், காலை நீரில் விட்டுக்கொண்டிருந்தார். படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"யம்மாடி, எத்தினி பூவு!" என்றார். அப்புறம் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு, "பேரு எய்தத் தெரியாது பாப்பா. கைநாட்டு வெக்கட்டா?" என்று கேட்டார்.

கைநாட்டு என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. இன்னொன்று எதற்கு? முடியாது என்றேன். பேரைக் கேட்டு, ஒரு ஓட்டாஞ்சில்லை எடுத்து மோட்டார் ரூம் சுவரில் பெரிதாக எழுதிக் காட்டினேன்: கன்னியப்பன். அவர் அதைப் பார்த்துப் பார்த்துத் தாளில் இழுத்தார். 'ன்னி'யில் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டார். இப்படி வளைச்சி, அப்படிச் சுழிச்சி என்று நான் அதட்டினேன். அதட்ட எனக்கு ஒரு ஆள் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். ஒருவழியாக முடித்தார். எறும்புச் சாரையில் தண்ணீர் ஊற்றின மாதிரி இருந்தது. விரலில் மிச்சமிருந்த அரிதாரம் பட்டுப் பக்கத்தில் சிவப்பாக ஒரு தடம் வேறு விழுந்துவிட்டது. நான் சண்டை பிடித்தேன். அவர் சிரித்தார்.

சும்மா இருந்திருக்கலாம். "நாளைக்கி உங்க நெஜ மூஞ்ச வரையட்டா?" என்று கேட்டேன்.

"வேணாம் பாப்பா. இது வரைக்கும் போட்டோவே புடிச்சது இல்ல. இது துரோபதை, எத்தினி வாட்டி வேணா வரைஞ்சிக்கோ. மனுசன் மூஞ்சி படத்துல ஏறிச்சின்னா அப்புறம் செவுத்துலதான் ஏறும்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

கூத்துக் கோஷ்டி அன்றைக்கே வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டது. நான் படங்களையெல்லாம் சுருட்டிக்கொண்டு போய்ப் பெரியப்பா மகள் முன்னால் விரித்தேன். அவள் துரோபதையை மட்டும் கையில் எடுத்துப் பார்த்தாள். நல்லாயிருக்கு என்று சொல்லவில்லை, ஆனால் சிரிக்கவும் இல்லை. அதுவே எனக்குப் போதும்.

அந்த வைகாசியில் ஸ்ரீபெரும்புதூர்த் தேர்தல் கூட்டத்தில் நடந்ததை நாடே அறியும், நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பக்கத்து ஜனங்கள் வீட்டை விட்டு வெளியே வரவே பயந்தார்கள். ராத்திரியில் கூட்டம் கூடுவதென்றால் எவனுக்குத் துணிச்சல் வரும்? பல ஊர்களில் திருவிழாவை நிறுத்திவிட்டார்கள், கூத்துக்குக் கொடுத்த வெற்றிலை பாக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான் என்பார்கள். ஒருவனுக்கு எப்போது விடியும் என்று கவலை, இன்னொருவனுக்கு எப்போது பொழுது சாயும் என்று கவலை. அந்த வருஷம் கூத்தாடிகளும் மேற்கே பார்க்க வேண்டியதாகிவிட்டது. கோஷ்டியில் இருந்தவர்கள் ஆளுக்கொரு திக்காகக் கூலிக்குப் போனார்கள். துரோபதை கிணற்று வேலைக்குப் போனார்.

எங்கப்பா கரண்ட் ஆபீஸில் லைன்மேன். ஆனி மாசத்தில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் சொன்னார். "நம்ம துரோபதை கன்னியப்பன் போய்ட்டான். தூர் வாரிக்கினு இருக்கசொல்ல கெணத்து மண்ணு சரிஞ்சிடுச்சி."

"அய்யோ! அம்மனாட்டம் குந்தியிருந்தானே!" என்று அம்மா வாயில் அடித்துக்கொண்டாள்.

எனக்கு அழுகை வரவில்லை. துரோபதை சாகிற கூத்தை நான் பார்த்ததில்லை, அதனால் நம்பிக்கையும் வரவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து படம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடினேன்.

காரியத்துக்கு முந்தின நாள் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். கோயில் தர்மகர்த்தா அவர்தான். கூடவே ஒரு வாலிபர். செத்துப்போனவருடைய மச்சான், அதாவது பெண்டாட்டியின் தம்பி. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"படையல் போட ஒரு படம் இல்லீங்க. மாமா ஒரு போட்டோ புடிச்சது இல்ல. திருத்தணியில தாலி கட்னாங்க, அங்கயும் போட்டோ எடுக்கல. அக்கா அதையே சொல்லிச் சொல்லி அயுவுது. அவுரு மூஞ்சி மறந்துபூடும்டா, எனக்கு மறந்துபூடும்டான்னு சொவுத்துல முட்டிக்குது" என்றார்.

பெரியப்பா என்னைப் பார்த்தார். "நீதான வரைஞ்ச அவன. வேஷம் இல்லாம ஒண்ணு வரைஞ்சி குடு."

அப்பா, அம்மா, பெரியப்பா, அந்த மச்சான் எல்லாரும் சுற்றி நின்றுகொள்ள நான் தரையில் காலண்டர் தாளை விரித்து உட்கார்ந்தேன். பென்சிலை வைத்தேன். கை ஓடவில்லை. துரோபதையின் புருவம் ஞாபகம் இருந்தது, பொட்டு எங்கே ஆரம்பித்து எங்கே முடியும் என்பது ஞாபகம் இருந்தது. அவர் முகம் ஞாபகம் இல்லை. பம்பு செட்டில் என் முழங்கை அவர் முழங்கையில் இடிக்கிற தூரத்தில்தான் நின்றேன். ஆனால் நான் பார்த்தது தாளை, பேனாவை, அந்தச் சிவப்புக் கறையை. ஆளை ஏறெடுத்துப் பார்க்கவே இல்லை.

இருந்தாலும் எதையோ வரைந்தேன். பெரியப்பா குனிந்து பார்த்து, "மொழுக்குன்னு கீதே. ஆம்பளன்னா மீச வேணாமா? மீச போடு" என்றார். போட்டேன். போட்டதும் எங்கள் ஊர் தபால்காரர் ஆகிவிட்டது. அந்த மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். அம்மாதான் உள்ளே போய் டிரங்குப் பெட்டியிலிருந்து துரோபதையை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். என்னைக் கேட்காமலே கொடுத்தாள். எனக்குக் கோபம் வந்தது.

ரெண்டையும் எடுத்துக்கொண்டு போய் அவர் பெண்டாட்டியையே பார்க்கச் சொல்வது என்று முடிவாயிற்று. என்னையும் வரச் சொன்னார் பெரியப்பா. "கொழந்தைய அங்கல்லாம் இட்டுக்கினு போவணுமா? அதுவும் இன்னிக்கி?" என்று அம்மா இழுத்தாள். "படத்துல எதுனா மாத்தணும்னா யாரு மாத்தறது, நீயா?" என்றார் அவர். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏரிக்கரை மேலேயே நடந்து போனோம். ஏரியில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

அந்த வீட்டு வாசலில் பந்தல். உள்ளே ஒரே பொம்பளைக் கூட்டம். நடுவில் மனைப்பலகையில் அவள் உட்கார்ந்திருந்தாள். புதுப்புடவை. முகம் கை கால் எல்லாம் மஞ்சள். நெற்றி நிறையக் குங்குமம். முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். தலையில் கழுத்து மறைகிற அளவுக்குப் பூ. வந்தவள் ஒவ்வொருத்தியும் இன்னும் கொஞ்சம் பூவை வைத்துவிட்டு, அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

புருஷன் செத்தவளுக்குக் காரியத்துக்கு முந்தின நாள் இப்படிக் கடைசித் தடவையாகச் சிங்காரித்துப் பார்ப்பார்கள், மறுநாள் விடியும் முன்னால் பூவையும் பொட்டையும் வளையலையும் தாலியையும் எடுத்துவிடுவார்கள், அதற்கப்புறம் ஆயுசுக்கும் கிடையாது. அந்த வழக்கத்தை எவன் கண்டுபிடித்தானோ, நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லவில்லை. செத்த வீட்டில் கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே என்று நான் அவளை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் அம்மாவைவிடச் சின்னவள்.

தம்பி முதலில் மீசைப் படத்தைக் காட்டினார்.

"யாரு இது?" என்றாள்.

"மாமாதான்க்கா."

"அவுருக்கு ஏதுடா மீச?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டாள். பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

அடுத்தது துரோபதை. அவள் அதைக் கையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. விரலால் கன்னத்தைத் தொட்டாள், புருவத்தைத் தொட்டாள், அப்படியே கீழே வந்து கையெழுத்தில் நின்றாள்.

"இது இன்னா எய்த்து?"

"கன்னியப்பன்னு எழுதியிருக்கு. அவரே போட்டது" என்றேன்.

"அவுருக்கு எய்தத் தெரியாதே."

"நான்தான் சொல்லிக்குடுத்தேன்" என்றேன் பெருமையாக. அவள் தலையைத் தூக்கி என்னை முழுசாகப் பார்த்தாள். அப்புறம் அந்தச் சிவப்புக் கறைமேல் தன் விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள்.

தம்பிக்கு இருப்புக்கொள்ளவில்லை. "அக்கா, பொம்பள படத்துக்கா படையல் போடறது? ஊரு சிரிக்காது? சாவுல கூட வேஷம் கட்டினு போறான்னு பேசமாட்டாங்க?" என்றார். சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது.

பெரியப்பா வழி கண்டுபிடித்தார். "ரப்பரு வெச்சிக்கீறியாம்மா? மூஞ்சி அவன் மூஞ்சிதான? அந்தப் பொட்டு, மூக்குத்தி, பூவு, அத்த மட்டும் அழிச்சிடு. ஆம்பளயா ஆயிடும்."

அந்தப் பூவை வரைய நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அம்மாவைப் பார்த்தேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். வேறு வழியில்லாமல் ரப்பரை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பொட்டின்மேல் ரப்பரை வைத்தேன்.

வளையல் எல்லாம் குலுங்க அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அழிக்காத பாப்பா."

"அக்கா, சொன்னா கேளு..." என்றார் தம்பி.

"என்கிட்டருந்துதான் விடிஞ்சா எல்லாத்தியும் எடுத்துடப் போறீங்களே. அவுருகிட்டயாவது இருந்துட்டுப் போவட்டும்டா."

கூடத்தில் இருந்த பொம்பளைகள் ஒரே குரலில் ஓவென்று அழ ஆரம்பித்தார்கள். பெரியப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்தத் தம்பிதான் கடைசியில் ஒரு ஆணியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து, படத்தைப் பொட்டும் பூவுமாக அப்படியே சுவரில் மாட்டினார். மாட்டிவிட்டு அதன் கீழேயே உட்கார்ந்துகொண்டார்.

திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அம்மா வழி முழுக்கச் சத்தமில்லாமல் அழுதுகொண்டு வந்தாள். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. ரப்பர் படுவதற்கு முன்னால் என் கையைப் பிடித்துவிட்டாளே! ஒரு மொட்டைக்கூட இழக்க அவளுக்கு மனசு வரவில்லை, அவ்வளவு நன்றாக வரைந்திருக்கிறேன் என்று நினைத்தேன். படம் அங்கேயே போய்விட்டதில் இருந்த கோபம்கூடத் தீர்ந்துவிட்டது. விடிந்தால் எடுத்துவிடுவார்கள் என்று அவள் சொன்னது காதில் விழுந்திருந்தது. வாடின பூவை எடுக்காமல் என்ன செய்வார்கள்? எங்கள் வீட்டிலும் அதைத்தானே செய்வோம்?

"அம்மா, அவங்களும் எவ்ளோ அழகா இருக்காங்க இல்ல?" என்றேன்.

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடையை எட்டிப் போட்டாள்.

"நாளைக்கி வேற பூ வெப்பாங்க இல்லம்மா? நான் வந்து அவங்களையும் வரைஞ்சிக்கட்டா? கையெழுத்துப் போட நானே சொல்லிக்குடுக்கறேன்."